அக்காள் குரல்

கிருபாபாயை அவள் அக்காள் பின்வாசலில் நின்று கூப்பிட்ட அந்தச் சாயங்காலம், மாமரத்து அணில் தின்பதை நிறுத்தவே இல்லை.

அங்கேதான் அவளுக்கு இடித்தது. செண்பகத்தோப்பு மலையடிவாரத்து அணில், நம் வீட்டு ஓட்டின் மேல் முதுகில் கோடு போட்டுக்கொண்டு ஓடுகிற அணில் மாதிரி இல்லை. பூனைப் பருமன் உடம்பு, நரைத்துப் போன நீளமான வால், ஊர்ப் பெரிய மனிதருக்கு வருகிற கோபம். தோப்புக்குள் ஒரு அந்நியக் கால் பட்டால் போதும், கிளையில் வாலை அடித்து அடித்து மலை எதிரொலிக்கக் கத்தித் தீர்த்துவிடும். இரண்டு வருஷமாக மரத்தடியில் பழியாய்க் கிடந்து, கிருபாபாயும் காவலுக்கு இருந்த சமுத்திரமும் மட்டும் அதனிடம் மன்னிப்பு வாங்கியிருந்தார்கள். சனிக்கிழமை தோறும் ராஜபாளையத்திலிருந்து வருகிற ஜெயபாயை அது இன்று வரை சேர்த்துக்கொள்ளவில்லை. "ஒன் அணிலுக்கு எம் மூஞ்சியே ஆகாதுட்டி" என்று அவளும் வாரம் தவறாமல் சிரிப்பாள்.

அன்றைக்குத் தோப்பு வீட்டு அடுக்களையில், ஸ்டவ்வில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே வெளிச்சம் மஞ்சளாகித் தோப்பின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிய மாவிலை வாசமும் கிணற்றடி ஈர வாசமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, மேலே அணில் கொட்டையைக் கொறிக்கிற சத்தம் ஒழுங்காக, யாரோ அரிவாள்மணையில் தேங்காய் துருவுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவேதான் கேட்டது.

"ஏட்டி கிருபா, கதவத் தொற."

ஜெயபாயின் குரல்தான். 'தொற' என்பதை லேசாக இழுத்து, பையின் கனம் கையை அறுக்கிறவளின் அலுப்போடு. கிருபாபாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துணி துவைக்கிற கல் இருந்தது. வாழைமரம் இருந்தது. அக்காள் இல்லை. மேலே அணில் கொறித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் ஜெயபாய் ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருப்பாள்.

வேறு யாராவது என்றால் மனப்பிரமை என்று தலையை உலுக்கிவிட்டு உலையைக் கவனிக்கப் போயிருப்பார்கள். கிருபாபாயால் முடியாது. இல்லாத குரலைக் கேட்டதற்காகவே ஒரு முறை பூட்டி வைக்கப்பட்டவள் அவள். பிறந்த பிள்ளை தொட்டிலில் போடும் முன்னே போய்விட்டது. அழுகை மட்டும் போகவில்லை. ராத்திரி பகல் என்று அவள் காதில் அழுதுகொண்டே இருந்தது. புருஷன் வீட்டார் மனநல வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அடுத்த வருஷமே தூத்துக்குடிப் பக்கம் அவனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அந்த வார்டின் டெட்டால் வாசமும், ராத்திரி முழுக்க அணையாத குழல்விளக்கும், நாக்கைத் தடிக்க வைத்த மாத்திரையும் இன்னும் அவளுக்குக் கனவில் வரும். அங்கிருந்து அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தவள் ஜெயபாய். தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல், சம்பளத்தைப் போட்டு எம்.எஸ்ஸி. படிக்க வைத்தவளும் அவள்தான். இன்றைக்குக் கிருபாபாய் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி. இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம்.

மறுபடி குரல் கேட்கிறது என்று வெளியே ஒரு வார்த்தை போனால் போதும். அணிலும் இல்லை, தோப்பும் இல்லை. மறுபடி அந்தக் குழல்விளக்குதான்.

எனவே அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நல்லா இருக்கியாக்கா என்றாள். எனக்கென்னட்டி, கல்லுக் கணக்கா இருக்கேன் என்றாள் ஜெயபாய். கிருபாபாய்க்குக் கொஞ்சம் உயிர் வந்தது. குரல் மட்டும் வந்து ஆளுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்கிற பயம் ஒன்று, தனக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்கிற பயத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மறுபடி வந்தது.

இந்த முறை விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் போய்விட்டிருந்தது. அரிக்கேன் சிம்னியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் வாசம் விரலில் ஏறியிருந்தது. மேற்கே மலை தன் நிழலைத் தோப்பின் மேல் மெல்ல மெல்ல இழுத்துப் போர்த்த, மரங்கள் ஒவ்வொன்றாக உருவம் இழந்து ஒரே கறுப்பாகச் சேர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், சில்வண்டுகள் கூட வாயைத் திறக்கும் முன், அதே வார்த்தை. அதே இழுப்பு. அதே அலுப்பு.

"ஏட்டி கிருபா, கதவத் தொற."

எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த துணியும் நகரவில்லை. வேறு ஒன்றும் கேட்கவில்லை. செத்த நேரம் கழித்துச் சில்வண்டுகள் ஆரம்பித்தன.

வெள்ளிக்கிழமை அவளுடைய பேராசிரியர் வைகுண்டராஜ் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷர் என்று பல்கலைக்கழகத்தில் பெயர் எடுத்தவர். வந்தால் அணிலைப் பற்றித்தான் கேட்பார். எத்தனை கூடு, எந்த மரத்தில், குட்டி உண்டா. அன்றைக்குக் கிணற்றடியில் நின்றுகொண்டு, "தூக்கமெல்லாம் நல்லா வருதாம்மா?" என்றார். வருது சார் என்றாள். "சாப்பாடு?" அதுவும் சார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டாரோ என்று அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜீப் போன பிறகும் வெகு நேரம் பெட்ரோல் வாசம் தோப்பில் நின்றது.

அவளுடைய ஆராய்ச்சி என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ராஜாளியின் கத்தலை டேப்பில் பிடித்து வைத்திருந்தாள். ஒரு குழாய் ஸ்பீக்கரை மரத்தில் மறைத்துக் கட்டி, வயரைத் தூரத்துக்கு இழுத்து, அணில் அசந்திருக்கும் நேரத்தில் அந்தக் கத்தலைப் போடுவாள். இல்லாத ராஜாளிக்கு அணில் என்ன செய்கிறது என்று பார்ப்பாள். மூன்றில் ஒன்றைத்தான் செய்யும். தலையைத் தூக்கும், இல்லை தாவி ஓடும், இல்லை கிளையோடு கிளையாக அசையாமல் அப்பிக்கொள்ளும். இந்த மூன்றாவதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருந்தது. தமிழில் எழுதும்போது அவளே யோசித்து 'உறைதல்' என்று வைத்துக்கொண்டாள். பேராசிரியருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போய், அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். ஒரே மரத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அணில் உறைவதையும் விட்டுவிடும். பொய் என்று தெரிந்துகொண்டு தன் பாட்டுக்குத் தின்னும். அப்படிப் பழகிப்போன அணில் ஒன்றை, போன தை மாதம், நிஜ ராஜாளி அவள் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து ஒரு மரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் போடுவதில்லை என்று அவளே காட்டிலாகாவில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை ஜெயபாய் வந்தாள். வழக்கம்போல அணில் வசைபாடி வரவேற்றது. கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, குழம்பைக் கூட்டி, தங்கையைச் சம்மணமிட்டு உட்கார வைத்துப் பரிமாறினாள். அந்தக் கையைப் பார்த்ததும் கிருபாபாய் உடைந்துவிட்டாள். உலகத்தில் இந்த ஒரு ஆளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"அக்கா, எனக்கு ஒன் குரல் கேக்குதுக்கா. நீ இல்லாதப்போ."

ஜெயபாயின் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு குழம்பை ஊற்றியது.

"எப்பட்டி?"

"ரெண்டு மட்டம். பொழுது சாயுற நேரத்துல. கதவத் தொறன்னு கூப்பிடுது. யார்கிட்டயும் சொல்லிராதக்கா. சாருக்குத் தெரிஞ்சா என்ன அனுப்பிருவாக."

"நான் யார்கிட்டச் சொல்லப்போறேன். கூப்பிட்டதும் நீ என்ன செஞ்ச?"

"மொத மட்டம் போயித் தொறந்தேன்."

"ஒடனேவா, செத்த நேரம் கழிச்சா?"

"ஒடனே."

"ரெண்டாவது மட்டம்? தலையத் தூக்குனியா, எந்திரிச்சு ஓடுனியா? இல்ல அப்படியே உறைஞ்சு உக்காந்துட்டியா?"

கிருபாபாயின் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது.

ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பொம்பளையும் அப்படிக் கேட்கமாட்டாள். வெறச்சுப் போயிட்டியா என்பாள். வெலவெலத்துப் போயிட்டியா என்பாள். எண்ணெய்தான் உறையும், பால்தான் உறையும். மனுஷி உறைவது கிருபாபாயின் பேப்பரில் மட்டும்தான். அதுவும் மனுஷி இல்லை, அணில்.

அக்காள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பும் கிருபாபாய்க்குத் தெரிந்ததுதான். மரத்தடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருப்பது அப்படித்தான்.

சோற்றுக் கையோடு எழுந்து வெளியே போனாள். "எங்கட்டி போற?" என்று பின்னால் கேட்டது. எதையும் தேடவில்லை. தானாக இருந்தால் ஸ்பீக்கரை எங்கே கட்டியிருப்போம் என்று மட்டும் யோசித்தாள். பின்வாசலிலிருந்து குரல் வர வேண்டும், ஆனால் ஆள் தென்படக் கூடாது. அப்படியென்றால் கிணற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற புளியமரம், தாழ்ந்த கவட்டை. அண்ணாந்து பார்த்தாள். தென்னம்பன்னாடையைச் சுற்றிக் கட்டின குழாய், வாயைக் கதவுக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, காற்றில் ஆடாமல், முடிச்சு பின்பக்கம் வருகிற மாதிரி கட்டியிருந்தார்கள். சமுத்திரத்துக்கு அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

வயர் மரத்தோடு இறங்கி மோட்டார் ரூமுக்குப் போயிற்று. உள்ளே பீடி வாசம். அணைத்த பீடித் துண்டுகளுக்கு நடுவே பேட்டரி டேப் ரெக்கார்டர். அவள் விசையை அமுக்கினாள். வெளியே, தோப்பு முழுக்க, அவள் அக்காள் கூப்பிட்டாள்.

"ஏட்டி கிருபா, கதவத் தொற."

திரும்பினால் மோட்டார் ரூம் வாசலில் ஜெயபாய் நின்றுகொண்டிருந்தாள். தன் குரலைத் தானே கேட்டவளின் முகம் வெளுத்திருந்தது.

"எனக்குச் சவூதியில வேல கெடச்சிருக்கு கிருபா" என்றாள். "ரெண்டு வருசம். ஒன்னத் தனியா விட்டுட்டுப் போலாமா கூடாதான்னு எனக்குத் தெரியணும்லா. வார்டு டாக்டருகிட்டக் கேட்டேன். அவியளும் ஒங்க சாரும் சேந்து ஒரு ஆராய்ச்சி செய்யுதாகளாம். வைத்தியம் முடிஞ்சு போனவுக பயம் வந்தா எம்புட்டுத் தாங்குதாகன்னு. நீ தாங்கிட்டேன்னா ஒனக்கு முழுசாக் கொணமாயிட்டுன்னு எழுதிக் குடுப்பேன்னாக. ஒனக்கு நல்லதுதானட்டி."

"என்கிட்டக் கேக்கணும்னு தோணலையாக்கா?"

"சொல்லிட்டா பொறவு அது எப்படிச் சோதனையாகும்?"

"என்கிட்டக் கேக்கணும்னு தோணலையா?"

"ஒனக்குப் பொறுப்பாளி நாந்தான. அன்னைக்கு வார்டுலருந்து ஒன்னக் கூட்டியாரும்போது கையெழுத்துப் போட்டேம்லா. அதுவே போதும்னுட்டாக."

கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்தது. அழுகை வரும் என்றுதான் அவளும் நினைத்தாள். அணிலுக்கு ஒரு பொய்ச் சத்தம் போட மூன்று ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அவளுக்குப் போட அவள் அக்காள் போதும். இந்த ஒருத்தியிடம் மட்டும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று எத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைத்தான் எடுத்து மரத்தில் கட்டியிருக்கிறார்கள். வேறு எந்தக் குரலைப் போட்டாலும் அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்க மாட்டாள் என்பது அக்காளுக்கும் தெரியும்.

"போ" என்றாள். "இனிமே ஒன் குரல் கேட்டா நான் கதவத் தொறக்கமாட்டேன். டேப்புல கேட்டாலும் சரி, நேர்ல கேட்டாலும் சரி."

"கிருபா."

"போக்கா."

ஜெயபாய் கடைசி பஸ்ஸுக்குப் போனாள். அணில் அவளைத் தோப்பு முனை வரைக்கும் திட்டியே அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுத்திரம் ஏணியோடு வந்தார். குழாயை அவிழ்த்தார், வயரைச் சுருட்டினார். "அம்புட்டையும் அவுத்துட்டேன் டீச்சர். இனி ஒண்ணும் கெடையாது. பெரியவுக சொன்னதச் செஞ்சேன், மனசுல வச்சுக்காதிய" என்றார். கிருபாபாய் அவர் முகத்தைப் பார்த்தாள். இதே முகம்தான் தினமும் பால் வாங்கி வந்து, ராத்திரி ஏதும் தொந்தரவு இல்லையே டீச்சர் என்று விசாரித்தது. ஒன்று அவிழ்த்தால் ஒன்பது எங்கே இருக்கிறதோ. இன்னும் எந்தக் கவட்டையில் எந்தப் பன்னாடைக்குள் எந்தக் குழாய் வாயைத் திறந்துகொண்டிருக்கிறதோ. மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பன்னாடை எல்லாம் குழாயாகத் தெரிந்தது. தோப்பை விட்டுப் போய்விடலாம்தான். போனால் பயந்து ஓடினாள் என்று எழுதிக்கொள்வார்கள். அதற்காகவே இருந்தாள்.

அந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலை தெரியவில்லை. ஓடைச் சத்தம் ராத்திரி பகலாக வீட்டைச் சுற்றி இரைந்தது. ஓட்டு இடுக்கில் சொட்டிய தண்ணீருக்கு அண்டா வைத்தாள், அந்தச் சொட்டும் குரல் மாதிரிக் கேட்கவே அண்டாவில் துணியைப் போட்டாள். சுவரில் பாசி வாசம், போர்வையில் ஈர வாசம், தீக்குச்சி நமத்துப் போய் உரசினால் தலை மட்டும் உதிர்ந்தது. அணில்கள் கூட்டுக்குள் முடங்கிவிட்டன. தோப்பில் யார் வந்தாலும் போனாலும் சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி முடிக்கும்போது அது வந்தது.

"ஏட்டி கிருபா, கதவத் தொற."

அவள் திடுக்கிடவில்லை. அதில் அவளுக்கே ஒரு பெருமை. நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். போடுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடுங்கள் என்று மனசுக்குள் சொன்னாள். இந்த அணில் இனித் தலையைத் தூக்காது.

"கிருபா. தொறட்டி. கால்ல என்னமோ கடிச்சிருச்சு."

புது கேசட். அதுதான் இத்தனை நாள் ஓய்ந்திருந்தார்கள். பழைய சத்தத்துக்குப் பழகிவிட்டால் புதுச் சத்தம் போட வேண்டும் என்பது அவள் எழுதினதுதானே. இந்த முறை நன்றாகத்தான் பேசியிருக்கிறாள் அக்காள். மூச்சு வாங்குகிற மாதிரியெல்லாம் சேர்த்திருக்கிறாள்.

"இருட்டுல மிதிச்சிட்டேன். விரியன் போல. எரியுதுட்டி."

மழை வலுத்தது. ஓட்டின் மேல் கல்லைக் கொட்டின மாதிரி இரைந்தது. கிருபாபாய் அரிக்கேன் திரியை ஏற்றினாள், இறக்கினாள். எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஜன்னலைச் சாத்தினாள்.

முன்வாசல் கதவு தட்டப்பட்டது.

டேப் கதவைத் தட்டாது. சமுத்திரம் தட்டுவார். தட்டச் சொன்னால் தட்டுவார். அவள் அதையும் யோசித்துவிட்டாள்.

மறுபடி தட்டல். இந்த முறை கதவின் பாதியில்.

"நான் சவூதிக்குப் போவலட்டி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"பொய்" என்றாள் கிருபாபாய், சத்தமாக. கண்ணீர் தாடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. "பொய். எல்லாம் பொய்."

மறுபடி தட்டல். கதவின் அடியில், தரையை ஒட்டி. விரல் நகம் பலகையில் இழுபடுகிற சத்தம்.

"கண்ணு தெரியல கிருபா."

காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் மழை கடல் மாதிரிக் கேட்டது. அப்படியே இருந்தாள். கையை எடுத்தபோது மழை மட்டும் இருந்தது. தாங்கிவிட்டோம் என்று நினைத்தாள். நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

விடியக் கொஞ்சம் முன்னால் முழிப்பு வந்தது. மழை விட்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் சாம்பல் வெளிச்சம். ஓட்டிலிருந்து சொட்டுவது நின்று போயிருந்தது. எங்கும் ஒரு சத்தம் இல்லை.

"கிருபா."

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில். அலுப்பில்லை, வலியில்லை. வார்டு வாசலில் அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்ட அதே மென்மை. எந்த டேப்பிலும் ஏற்ற முடியாத குரல்.

"நாந்தாட்டி."

அத்தனை கோபமும் ஒரு நொடியில் கரைந்துபோயிற்று. வஞ்சகி என்றாலும் அக்காள். கிருபாபாய் ஓடினாள். தாழ்ப்பாள் ஈரத்தில் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் அடித்துத் திறந்தாள்.

கதவில் சாய்ந்திருந்தது உள்ளே விழுந்தது.

விழுந்த விதத்திலேயே தெரிந்தது. மடங்கவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே, முழங்கால் மடிந்தபடி, கை கதவைத் தட்டத் தூக்கினபடி, மரச்சாமான் மாதிரிப் பக்கவாட்டில் சாய்ந்தது. இடது கால் முழங்கால் வரை வீங்கிக் கறுத்திருந்தது. விரல் நுனிகளில் கதவுப் பலகையின் பச்சை வர்ணம். கன்னத்தைத் தொட்டாள். கிணற்றுக் கல்லின் குளிர். இமை ஓரத்தில் எறும்பு ஊறிக்கொண்டிருந்தது. உதட்டு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. விடிவதற்கு வெகு முன்பே, ராத்திரியிலேயே போன உயிர்.

அப்படியானால் இப்போது கூப்பிட்டது?

கிருபாபாய் அக்காளின் வாயைப் பார்த்தாள். பல் கிட்டி இறுக மூடியிருந்தது.

கத்த நினைத்தாள். வரவில்லை. கை அக்காளின் கன்னத்திலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை. எந்தத் தசையும் அசையவில்லை.

பின்னால், வீட்டுக்குள்ளே, அடுக்களையில் ஒரு தட்டு நகர்ந்தது.

"ஏட்டி கிருபா."

அவள் திரும்பவில்லை.

"கதவச் சாத்துட்டி. குளிருது."

சாத்த முடியாது. அக்காளின் உடம்பு நிலைப்படிக்குக் குறுக்கே கிடந்தது.

சிமெண்டுத் தரையில் ஈரக் கால் ஒன்று பதிந்தது. அடுத்து, ஊன்ற முடியாத கால் ஒன்று, கனமாக இழுபட்டு, அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது. பிறகு மறுபடி ஊன்றிய கால். மறுபடி இழுபடும் கால். அடுக்களையிலிருந்து முன்னறைக்கு. முன்னறையிலிருந்து அவள் முதுகுக்கு.

"நானே சாத்துதேன்" என்றது அக்காள் குரல், அவள் காதோடு.